நடுவுல கொஞ்சம் பிரேசில்!

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். தண்ணி டேங்க் ஓரமா, கன்னத்துல கை வெச்சுக்கிட்டு ஒரு உருவம். எதிர் ஃப்ளாட் தம்பி! இன்ஜினீயரிங் ரெண்டாவது வருஷம். பக்கத்துல அவனோட ஃபுட்பால் ஷூ. ரெண்டு லேஸையும் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டு வெச்சிருந்தான்.

"என்னடா, ஞாயித்துக்கிழமை அதுவுமா கிரவுண்டுக்குப் போகலையா?"

"இனிமே போகமாட்டேண்ணா. இந்த ஷூவை யாராவது கேட்டா சொல்லுங்க. பாதி விலைக்குத் தர்றேன்."

விஷயம் இதுதான். நம்ம தம்பி காலேஜ் டீம்ல மிட்ஃபீல்டர். ஸ்கூல் நாள்லேர்ந்து அதே இடம்தான். முகப்பேர் வெஸ்ட்ல வீடு, ஈஸ்ட்ல டியூஷன், நொளம்பூர் பக்கம் டர்ஃப்னு வளர்ந்த பையன். இந்த வருஷம் அவன் காலேஜ்ல தான்சானியாவுல இருந்து ஒரு மாணவன் ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்திருக்கான். வயசு 19. அவனும் மிட்ஃபீல்டர். முதல் நாள் பிராக்டீஸ்ல அவன் பந்தை வாங்கித் திரும்பின விதத்தைப் பார்த்ததுமே கோச் முடிவு பண்ணிட்டாராம். அடுத்த மேட்ச்ல அவன் உள்ளே. நம்மாளு பெஞ்ச்சுல. தண்ணி பாட்டில் காவல்!

"நல்லா ஆடுறானாடா?"

ரெண்டு நிமிஷம் பேசலை. அப்புறம் மெதுவா, "பந்து அவன் கால்லயே ஒட்டிக்குதுண்ணா" என்றான். நேர்மையான பையன்! உடனே குரல் மாறிடுச்சு. "அதுக்காக? நம்ம ஊரு, நம்ம காலேஜு. நமக்கே இடமில்லைன்னா நாங்க எங்கே போய் ஆடுறது?"

சட்டுனு பதில் சொல்ல முடியலை. ஏன்னா இது அவன் ஒருத்தனோட கேள்வி இல்லை. நம்ம ஊர் கிளப் ஒவ்வொரு தடவை ஒரு வெளிநாட்டு இளம் மிட்ஃபீல்டரை கான்ட்ராக்ட் போட்டு, கையில ஜெர்ஸியைக் கொடுத்து போட்டோ எடுக்கும்போதும் எழுற கேள்வி. கைதட்டுற நமக்கு அது கேக்குறதில்லை. அதே இடத்துல ஆடுற நம்ம ஊர்ப் பையனுக்கு மட்டும் கேக்கும்!

திருமங்கலம் சிக்னல்

ஃபுட்பால் தெரியாத மக்களுக்காக ஒரு சின்ன விளக்கம். திருமங்கலம் ஜங்ஷனை நினைச்சுக்குங்க. அண்ணா நகர்லேர்ந்து ஒரு கூட்டம், பாடியிலேர்ந்து ஒரு கூட்டம், கோயம்பேட்டுலேர்ந்து ஒரு கூட்டம், நம்ம முகப்பேர் பக்கத்துலேர்ந்து ஒரு கூட்டம்... எல்லாம் அங்கேதான் வந்து முட்டும். நடுவுல நிக்கிற டிராஃபிக் போலீஸ்காரர் கொஞ்சம் கண்ணசந்தா போச்சு, அரை மணி நேரத்துக்கு ஒருத்தரும் நகர முடியாது!

மைதானத்துல மிட்ஃபீல்டர்தான் அந்தப் போலீஸ்காரர். பந்து எந்தப் பக்கம் போகணும், எப்போ வேகமாப் போகணும், எப்போ நிக்கணும்... எல்லாம் அவர் கையில. ஸாரி, கால்ல! அதனாலதான் நம்ம கிளப்புகள் வெளிநாட்டு ஆளைத் தேடும்போது மைதானத்தோட நடு முதுகெலும்பைத் தேடுது. நடு டிஃபன்ஸ், நடு மிட்ஃபீல்டு, நடு ஸ்ட்ரைக்கர். நம்ம பசங்களுக்குப் பெரும்பாலும் ஓரங்கள்தான் மிச்சம். விங்ல ஓடு, பேக்ல நில்லு, இல்லைன்னா கோல்கீப்பிங் பண்ணு!

2014-ல இந்தியன் சூப்பர் லீக் ஆரம்பிச்சப்போ, களத்துல நிக்கிற 11 பேர்ல 6 பேர் வரைக்கும் வெளிநாட்டவரா இருக்கலாம்னு விதி. அதாவது நம்ம ஆளுங்க அஞ்சே பேர்! 2017-18 சீசன்ல அது 5 ஆச்சு. 2021-22 சீசன்ல 4 ஆச்சு. விதி கொஞ்சம் கொஞ்சமா நம்ம பக்கம் சாய்ஞ்சிருக்கு. ஆனா விதி எண்ணிக்கையைத்தான் சொல்லும். நடுவுல யார் நிக்கணும்னு சொல்லாது. அங்கேதான் தம்பியோட பிரச்னை.

பிரேசில்லேர்ந்து ஒருத்தர், 'மினி பிரேசில்'லேர்ந்து ஒருத்தர்

சரி, கதைக்கு வருவோம். நம்ம சென்னையின் எஃப்.சி. 2014-ல பிறந்த கிளப். முதல் வருஷமே நடுக்களத்துல பிரேசில் வாசனை. 2010 உலகக் கோப்பையில ஆடின எலானோ வந்தார். 8 கோல் அடிச்சு, அந்த சீசனோட டாப் ஸ்கோரர் ஆனார். அவர்கூடவே புரூனோ பெலிஸாரின்னு இன்னொரு பிரேசில்காரர். வயசு 21தான். நம்ம தம்பியோட சீனியர் செட் வயசு!

அடுத்த வருஷம், 2015-ல, ரஃபேல் அகஸ்டோ வந்தார். அவருக்கு அப்போ 24 வயசு. ரியோவோட புகழ்பெற்ற ஃப்ளூமினென்ஸ் கிளப் பையன். 2013-ல அமெரிக்காவோட டி.சி. யுனைடெட்டுக்குப் போய் ஆடிட்டு வந்தவர். சென்னைக்கு வந்தது 'லோன்'ல. லோன்னா பேங்க் லோன் இல்லை பாஸ்! வாடகை சைக்கிள் மாதிரி. சொந்தக்கார கிளப் வேற, ஓட்டுற கிளப் வேற. அப்போ லீக் மொத்தமே மூணு மாசக் கல்யாணம். அக்டோபர்ல ஆரம்பிச்சு டிசம்பர்ல முடிஞ்சிடும். அதனால சைக்கிளை எடுத்தமா, ஓட்டினமா, திருப்பிக் கொடுத்தமான்னு போயிட்டே இருந்தாங்க.

அந்த 2015 ஃபைனல் ஞாபகம் இருக்கா? டிசம்பர் 20, கோவாவுல. கடைசி நிமிஷங்கள்ல 2-1னு பின்தங்கி நின்னு, 3-2னு நம்ம ஆளுங்க கப் அடிச்ச மேட்ச். முகப்பேர்ல பல வீட்டு டி.வி. தப்பிச்சதே பெரிய விஷயம்! முதல் கோல் பெலிஸாரி. கடைசி கோல் கொலம்பியாவோட மெண்டோஸா. டிசம்பர் மாச வெள்ளத்துல ஊரே நனைஞ்சு நொந்து போயிருந்த நேரம். அந்தக் கப் நமக்கு வெறும் கப் இல்லை.

ஆனா நான் தம்பிகிட்ட சொன்னது அந்த ஃபைனல் இல்லை. அடுத்தது.

அதுக்கு முன்னாடி இன்னொரு ஆளைப் பத்திச் சொல்லணும். தனபால் கணேஷ். நம்ம வியாசர்பாடி. 'மினி பிரேசில்'னு பேப்பர்காரங்க பேர் வெச்ச அதே வியாசர்பாடிதான்! சந்துக்கு ஒரு டீம், வீட்டுக்கு ஒரு ஆட்டக்காரன். கிரிக்கெட் பேட்டைவிட ஃபுட்பால் விலை குறைவு. ஒரு பந்து இருந்தா 20 பேர் ஆடலாம். அந்தக் கணக்குல வளர்ந்த ஊர். அங்கேயிருந்து கிளம்பி, புனே எஃப்.சி.யில ஆடிட்டு, சென்னையின் அணிக்கு வந்தார் கணேஷ். அவரும் மிட்ஃபீல்டர்.

இப்போ பாருங்க சிச்சுவேஷனை. நிஜ பிரேசில்லேர்ந்து ஒரு மிட்ஃபீல்டர். மினி பிரேசில்லேர்ந்து ஒரு மிட்ஃபீல்டர். ஒரே டீம், ஒரே நடுக்களம். யார் யாரை வெளியே தள்ளினாங்க?

ரெண்டு பேருமே உள்ளே நின்னாங்க. அதுதான் மேட்டர்!

கணேஷ் டிஃபன்ஸுக்கு முன்னாடி காவல்காரர் மாதிரி. எதிராளி கால்லேர்ந்து பந்தைப் பிடுங்குறது, ஓட்டைகளை அடைக்கிறது அவர் டிபார்ட்மென்ட். ரஃபேல் கொஞ்சம் முன்னாடி. பிடுங்கின பந்தை வாங்கி, திரும்பி, எங்கே அனுப்பணுமோ அங்கே அனுப்புறது அவர் டிபார்ட்மென்ட். ஒருத்தர் சாம்பார், இன்னொருத்தர் ரசம். இலையில ரெண்டுக்கும் இடம் உண்டு.

2018 மார்ச் 13. நேரு ஸ்டேடியம். கோவாவோட செமி ஃபைனல் ரெண்டாவது லெக். முதல் லெக் 1-1. இங்கே நம்ம ஆளுங்க 3-0னு ஜெயிச்சாங்க. ஜெஜே ரெண்டு கோல். இன்னொண்ணு யாரு? நம்ம வியாசர்பாடி கணேஷ்! வீட்லேர்ந்து கூப்பிடு தூரத்துல இருக்கிற ஸ்டேடியத்துல, செமி ஃபைனல்ல, சொந்த ஊர்ப் பையன் அடிச்ச கோல். அன்னிக்கு ஸ்டேடியத்துல இருந்தவங்களைக் கேட்டுப் பாருங்க. தொண்டை கட்டினது சரியாக எத்தனை நாள் ஆச்சுன்னு சொல்வாங்க.

நாலே நாள். மார்ச் 17. பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்துல ஃபைனல். எதிரி டீமோட சொந்த கிரவுண்டு. லீக்ல முதல் இடம் பிடிச்ச டீம். ஒன்பதாவது நிமிஷமே சுனில் சேத்ரி கோல் அடிச்சுட்டார். சரி, டி.வி.யை ஆஃப் பண்ணிடலாம்னு நினைச்சவங்க நிறைய பேர். ஆனா பிரேசில் டிஃபன்டர் மெயில்ஸன் ஆல்வ்ஸ் கார்னர்ல எகிறி எகிறி ரெண்டு ஹெட்டர் போட்டார். 2-1. அப்புறம் 67-வது நிமிஷம். ஜெஜே தட்டிவிட்ட பந்தை பெட்டிக்கு வெளியேயிருந்து ரஃபேல் தரையோட தரையா அடிச்சார். வலையில! 3-1. கடைசியில பெங்களூரு ஒண்ணு அடிச்சும் பிரயோஜனமில்லை. 3-2. ரெண்டாவது கப்.

செமி ஃபைனல்ல வியாசர்பாடி மிட்ஃபீல்டர் கோல். ஃபைனல்ல பிரேசில் மிட்ஃபீல்டர் கோல். நடுவுல இடம் ஒருத்தருக்குத்தான்னு யார் சொன்னது?

அதே நேரத்துல இன்னொரு பையனும் அந்த டீம்ல வளர்ந்துட்டு இருந்தான். அனிருத் தாபா. டேராடூன்காரர். 2016-ல சென்னையினுக்கு வந்தப்போ வயசு 18. அவரும் மிட்ஃபீல்டர்தான்! பிரேசில்காரர் பக்கத்துல தினம் பிராக்டீஸ். 2019 ஜனவரி 6, அபுதாபி. ஆசியக் கோப்பையில தாய்லாந்தை இந்தியா 4-1னு ஜெயிச்ச மேட்ச்ல மூணாவது கோல் அந்தப் பையனோடது. அப்போ வயசு 20. பின்னால சென்னையினுக்கே கேப்டனும் ஆனார். இதுக்கெல்லாம் ரஃபேல் ஒருத்தர்தான் காரணம்னு நான் சொல்ல வரலை. கோச், உழைப்பு, குடும்பம்னு ஆயிரம் இருக்கு. ஆனா நல்ல ஆட்டக்காரன் பக்கத்துல நின்னு ஆடினா கண்ணு கத்துக்கும். அது பாடப் புத்தகத்துல வராது.

மறுபக்கம்

"சும்மா நல்லதை மட்டும் சொல்றீங்கண்ணா" என்று தம்பி முறைச்சான். அதுவும் நியாயம். மறுபக்கத்தையும் பாத்துடுவோம்.

2018-19 சீசன். கணேஷுக்கு முழங்கால் காயம். சீசன் முழுக்க வெளியே. போன வருஷ சாம்பியன் அந்த வருஷம் என்ன ஆச்சு தெரியுமா? 10 டீம்ல பத்தாவது இடம்! 18 மேட்ச்ல ரெண்டே வெற்றி. பிரேசில்காரர் டீம்ல இருந்தும்தான். ஒரு டீம் கவுந்ததுக்கு ஒரே ஒருத்தர் இல்லாதது மட்டும் காரணமா இருக்க முடியாது, ஒத்துக்குறேன். ஆனா ரசம் மட்டும் ஊத்தினா இலை நிறையாதுன்னு அன்னிக்கு எல்லாருக்கும் புரிஞ்சுது.

2019-ல ரஃபேல் பெங்களூரு அணிக்கே போயிட்டார். எந்த டீமை ஃபைனல்ல அழ வெச்சாரோ அதே டீம்! கோபப்படாதீங்க. இது தொழில். கான்ட்ராக்ட் முடிஞ்சா ஆட்டக்காரன் எங்கே வேணும்னாலும் போகலாம். 1995-ல பெல்ஜியத்துக்காரர் போஸ்மன் கோர்ட்டுல ஜெயிச்சு வாங்கிக் கொடுத்த உரிமை அது. வாடகை வீட்டுக்காரர் காலி பண்ணிட்டுப் போறப்போ நாம அழக் கூடாது. சொந்த வீட்டைக் கட்டினமான்னு பாக்கணும்.

2025-ல லீக் நடக்குமா நடக்காதான்னே தெரியாம கிளப்புகள் எல்லாம் திண்டாடினாங்களே, அப்போ பல வெளிநாட்டு ஆட்டக்காரங்க வேற நாட்டுக்கு பெட்டியைக் கட்டிட்டாங்க. தப்பே இல்லை. அவங்களுக்கும் குடும்பம் இருக்கு. ஆனா நம்ம பசங்களுக்குப் போக வேற லீக் இல்லை. இங்கேயேதான் நிக்கணும். அதனால ஒரு கிளப் வெளிநாட்டு மிட்ஃபீல்டரை எடுக்கும்போது நாம கேக்க வேண்டியது, "ஏன் எடுத்தே?" இல்லை. "அவன் பக்கத்துல யாரை நிக்க வெக்கப் போறே?" அதுதான் கேள்வி!

பாட்ஷாவும் ஒரு மாணவன்தான்

தம்பி முகத்துல கொஞ்சம் வெளிச்சம். விடலாமா? அடுத்த கதையை எடுத்தேன். இது முழுக்க காலேஜ் கதை.

1980. கொல்கத்தாவோட ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கு சோதனைக் காலம். பழைய ஸ்டார்கள் பலர் மொத்தமா வேற கிளப்புக்குப் போயிட்டாங்க. ஆள் வேணும். எங்கே தேடினாங்க தெரியுமா? அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துல! அங்கே படிச்சுட்டிருந்த ஈரான் மாணவர்கள் மூணு பேர். மஜீத் பிஷ்கர், ஜம்ஷித் நஸ்ஸிரி, மஹ்மூத் கபாஜி. அப்படியே அள்ளிக்கிட்டு வந்துட்டாங்க.

மஜீத் சாதாரண ஆள் இல்லை. 1978 உலகக் கோப்பைக்கு ஈரான் அனுப்பின அணியில இருந்தவர். நடுக்களத்துலேர்ந்து பந்தை எடுத்துக்கிட்டு அவர் கிளம்பினா கேலரியே எழுந்து நிக்குமாம். கொல்கத்தா ரசிகர்கள் அவருக்கு வெச்ச பேர் 'பாட்ஷா'. நம்ம ஆட்டோக்கார பாட்ஷா வர்றதுக்கு 15 வருஷம் முன்னாடியே! அந்த வருஷமே ஃபெடரேஷன் கப்பை மோகன் பகானோட பகிர்ந்துக்கிட்டது ஈஸ்ட் பெங்கால்.

ஆனா மஜீத் கதை இனிப்பா முடியலை. கிளப் மாறினார். மைதானத்துக்கு வெளியே வாழ்க்கை தடுமாறிச்சு. கடைசியில ஊருக்குத் திரும்பிட்டார். கொல்கத்தா அவரைப் பல வருஷம் பார்க்கவே இல்லை. 2019 ஆகஸ்ட்ல ஈஸ்ட் பெங்காலோட நூற்றாண்டு விழாவுக்கு வந்தார். அறுபது தாண்டின மனுஷன். அவர் ஆடினதையே பார்க்காத பசங்க எல்லாம் சேர்ந்து கொண்டாடினாங்க. சந்தோஷம்தான். ஆனா 24 வயசுல, வேற நாட்டுல, மொழி தெரியாம, கூட்டம் கைதட்டிட்டுக் கலைஞ்சதுக்கு அப்புறம் ரூமுக்குத் தனியாத் திரும்பின அந்தப் பையன்கிட்ட "சாப்பிட்டியா"ன்னு தினம் கேக்க ஆள் இருந்திருந்தா? இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும்.

மூணு பேர்ல ஜம்ஷித் மட்டும் கொல்கத்தாவுலயே தங்கிட்டார். கல்யாணம், குடும்பம் எல்லாம் அங்கேயே. அவரோட பையன் கியான் நஸ்ஸிரி. பிறந்தது, வளர்ந்தது, பந்தைத் தொட்டது எல்லாம் இந்தியாவுல. 2022 ஜனவரி 29-ம் தேதி, கொல்கத்தா டெர்பி. மோகன் பகான் பெஞ்ச்சுல உட்கார்ந்திருந்த அந்த 21 வயசுப் பையன் சப்ஸ்டிடியூட்டா உள்ளே வந்தான். மூணு கோல். ஹாட்ரிக்! யாருக்கு எதிரா? அப்பாவோட பழைய ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரா!

"பெஞ்ச்சுலேர்ந்து வந்தா?" தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த ஒரு வார்த்தை போதும், மீன் தூண்டில்ல மாட்டிக்கிச்சு!

"ஆமாடா. பெஞ்ச்சுலேர்ந்து. இன்னொண்ணு கேளு. அந்தக் கியான் 2024-ல எந்த டீமுக்கு வந்தான் தெரியுமா? நம்ம சென்னையினுக்கு. இந்திய ஆட்டக்காரனா!"

1980-ல வெளிநாட்டுக்காரர்னு கூட்டிக்கிட்டு வந்த மாணவரோட பையன், 44 வருஷம் கழிச்சு உள்ளூர் ஆளா நம்ம நேரு ஸ்டேடியத்துல. யார் உள்ளே, யார் வெளியேங்கிற கோடு இப்படித்தான் நகர்ந்துக்கிட்டே இருக்கும். கோலமாவு கோடு மாதிரி. காலையில இருக்கும், சாயங்காலம் இருக்காது.

அப்புறம் என்ன ஆச்சு?

புதன்கிழமை ராத்திரி எட்டு மணி. தெருமுனை டீக்கடை. நம்ம தம்பி வந்தான். பக்கத்துல ஒல்லியா, உயரமா ஒரு பையன். தோள்ல கிட் பேக். சந்தேகமே வேணாம், தான்சானியா!

"அண்ணா, இவன் ஹாஸ்டல்ல மூணு மாசமா யார்கிட்டயும் சரியாப் பேசலையாம்ணா. எல்லாரும் மேட்ச் அன்னிக்குக் கைதட்டுவாங்க, அப்புறம் அவங்கவங்க வேலையைப் பாத்துட்டுப் போயிடுவாங்களாம்" என்றான் தம்பி. எனக்கு மஜீத் ஞாபகம் வந்துச்சு. சொல்லிக்கலை.

விசாரிச்சா விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை பிராக்டீஸ் முடிஞ்சதும் நம்மாளு நேராப் போய், "பந்தை வாங்கும்போதே எப்படித் திரும்புறே? சொல்லிக் கொடு"ன்னு கேட்டிருக்கான். அவன் சிரிச்சிருக்கான். "பந்து வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு தோளுக்கும் மேல திரும்பிப் பாரு"ன்னு சொல்லியிருக்கான். அவ்ளோதான் ரகசியம்! பதிலுக்கு அவன் கேட்டது, "நீ எப்படி அவ்ளோ டேக்கிள் பண்றே? எனக்கு அது வரலை." நம்மாளுக்கு நெஞ்சு ரெண்டு இஞ்ச் பெருசாயிடுச்சு. ரெண்டு பேரும் நொளம்பூர் டர்ஃப்ல ஒரு மணி நேரம் ஷேர் போட்டு ஆடிட்டு வந்திருக்காங்க.

"கோச்சுகிட்ட சொன்னியாடா? ரெண்டு பேரும் சேர்ந்து ஆடலாம்னு?"

"கேட்டேண்ணா. யோசிக்கிறேன்னார்."

உடனே இடம் கிடைச்சுடுச்சு, ஃபைனல்ல கோல் அடிச்சான்னு எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. அடுத்த மேட்ச்லயும் தம்பி பெஞ்ச்தான். கடைசி 20 நிமிஷம் இறக்கிவிட்டாங்களாம். தான்சானியா பையனுக்குப் பின்னாடி, கணேஷ் நிக்கிற இடத்துல. "எப்படிடா இருந்துச்சு?"ன்னு கேட்டேன். "பந்தைப் பிடுங்கினதும் யாருக்குக் கொடுக்கணும்னு தேடவே வேணாம்ணா. அவன் அங்கே நிப்பான்" என்றான்.

ஷூவை விக்கப் போறியான்னு நான் கேக்கலை. லேஸ் முடிச்சை அவிழ்த்திருந்தான்.

முகப்பேர்ங்கிற பேரே 'மகப்பேறு'லேர்ந்து வந்ததுன்னு நம்ம ஏரியா பெரியவங்க சொல்வாங்க. பிள்ளை வரம் கேட்டு சந்தான சீனிவாசப் பெருமாள் கோயிலுக்கு வர்றவங்க இன்னிக்கும் உண்டு. வரம் வாங்குறது சரி... வளர்க்குறது நம்ம பொறுப்பு. கிளப்பா இருந்தாலும், காலேஜா இருந்தாலும்!

அதனால மக்களே, அடுத்த தடவை உங்க கிளப் ஒரு புது வெளிநாட்டு மிட்ஃபீல்டரோட போட்டோ போட்டா தாராளமா விசில் அடிங்க. அப்படியே அந்த போட்டோவோட ஓரத்துல யார் நிக்கிறாங்கன்னும் ஒரு தடவை பாத்துடுங்க. நம்ம பையன் நிக்கிறானா?

கொசுறு

* வெளிநாட்டு ஆட்டக்காரர் ஜெர்ஸியோட போஸ் கொடுத்துட்டா உடனே ஆடிட முடியாது. மெடிக்கல் டெஸ்ட், விசா எல்லாம் தாண்டி, பழைய நாட்டு சங்கம் புது நாட்டு சங்கத்துக்கு 'இன்டர்நேஷனல் டிரான்ஸ்ஃபர் சர்ட்டிஃபிகேட்' அனுப்பணும். நம்ம டி.சி. மாதிரிதான்! டி.சி. இல்லாம எந்த ஸ்கூல்ல சேர்ப்பாங்க?

* 18 வயசுக்குக் கீழே இருக்கிறவங்க நாடு விட்டு நாடு கிளப் மாற, சில விதிவிலக்குகள் தவிர, ஃபிஃபா அனுமதிக்காது. "என் பையனுக்கு 15 வயசு, ஐரோப்பா கிளப்புல இடம் வாங்கித் தர்றேன், பணம் கட்டு"ன்னு யாராவது வந்தா, வாசலோடு அனுப்பிடுங்க.

* ஒரு ஆட்டக்காரர் கான்ட்ராக்ட் முடியறதுக்குள்ளே பணம் கொடுத்து நாடு விட்டு நாடு வாங்கப்பட்டா, அந்தத் தொகையில 5 சதவிகிதம், அவரை 12 வயசுலேர்ந்து 23 வயசு வரைக்கும் வளர்த்த கிளப்புகளுக்குப் பங்கு போகும். ஆனா அந்த கிளப் சங்கத்தோட இணைஞ்சிருக்கணும், பையன் பேரு அதுல பதிவாகியிருக்கணும். தெருமுனை டீம்ல ஆடுற தம்பிகளே, பேரைப் பதிவு பண்ணுங்க. உங்களுக்குப் பந்து கொடுத்த அண்ணனுக்கு நாளைக்கு ஒரு கிரவுண்டே கிடைக்கலாம்!

* முகப்பேர்லேர்ந்து நேரு ஸ்டேடியம் போக திருமங்கலத்துல மெட்ரோ ஏறி சென்ட்ரல்ல இறங்கினாப் போதும். நாங்க மூணு பேரும் அடுத்த ஹோம் மேட்சுக்கு ரெடி. தான்சானியா பையனுக்கு விசில் அடிக்கத் தெரியலையாம். தம்பி கத்துக் கொடுத்துட்டு இருக்கான்!